கழலாத மெட்டி

அவர் வருவதற்குள் இது கழன்றுவிட வேண்டும். வைகைக் கரை ரோட்டில் ஒரு நடை நடந்து, டீக்கடையில் சீனி போடாத டீயைச் சலித்துக்கொண்டே குடித்து, அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களோடு ஊர் நியாயம் எல்லாம் பேசி முடித்து என் வீட்டுக்காரர் திரும்பி வர இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் இடது கால் மெட்டியைக் கழற்றிவிட்டு, புதிதாக வாங்கிவந்ததைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி தையல் மெஷினில் உட்கார்ந்திருக்க வேண்டும். அகன்ற அலுமினிய அன்னக்கூடையில் சோப்புத் தூளைக் கொட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரை ஊற்றியதும் நுரை பொங்கி விளிம்புவரை வந்தது. பச்சைத் தண்ணீர் பிடிக்கச் செம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன், போன் அடித்தது. ரெஜினா டீச்சர். "தமயந்தி, ரவிக்கை ஆயிருச்சா? ஞாயித்துக்கெழமை கல்யாணம், காலை வாரி விட்டுராத." கொக்கி மட்டும்தான் பாக்கி டீச்சர் என்றேன். "போன தடவ நீ தச்சது கையில ஏறவே மாட்டேங்குது. அளவ மாத்திட்டியா?" நான் மாற்றினேனாம். நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒவ்வொருத்தியும் என்னைத்தான் கேட்கிறாள், தமயந்தி நீ அளவை மாற்றிவிட்டாயா என்று. செல்லூர் முழுக்க இருக்கிற பொம்பளைகளின் இடுப்பை நான்தான் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ப் பெருக்கிவிட்டு வருகிறேன் போல. "உள்ள துணி விட்டுருக்கேன் டீச்சர், கொண்டாங்க, பிரிச்சு விட்டுக் குடுத்துருவோம்" என்றேன். டீச்சர் மண்டபம், சாப்பாடு, மாப்பிள்ளை வீட்டார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டே திரும்பி வந்து, போனை வைத்துவிட்டு, டீச்சரின் ரவிக்கையையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலை நுரைக்குள் விட்டேன்.

ஒன்றும் தெரியவில்லை. இதமாக இருக்கும் என்று நினைத்தேன், பிள்ளை பெற்ற பிறகு அம்மா ஊற்றிவிட்ட வெந்நீர் மாதிரி ஒரு சுகம் கணுக்காலில் ஏறும் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் ஏறவில்லை. என் இடது காலுக்கு இப்போதெல்லாம் எதுவுமே தெரிவதில்லைதான். முதலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் வருமே, அந்த மரப்பு என்று நினைத்தேன். அது உதறினால் போய்விடும், ஊசி ஊசியாகக் குத்தி உயிர் வந்துவிடும். இது உதறினாலும் போகவில்லை. பழைய கம்பளிச் சாக்ஸ் ஒன்றை யாரோ மாட்டிவிட்டுப் போனது போல இருக்கிறது. வலது காலுக்கும் மெதுவாக அதே சாக்ஸ் வருகிறது, ஆனால் இடதுதான் முந்திக்கொண்டது. மெஷின் மிதிக்கையில் கால் மிதியில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து மிதித்தேன் கொஞ்ச நாள். தையல் கோணிக்கொண்டு போனது. "வயசாகுதுல்ல, மோட்டார் வச்சுக்க" என்று வீட்டுக்காரரே ஒரு மோட்டாரை வாங்கிவந்து மாட்டிக் கொடுத்தார், மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்த மனுஷர், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மோட்டாருக்கும் கீழே ஒரு மிதி உண்டு. அதை நான் வலது காலால்தான் அழுத்துகிறேன். அவர் இதுவரைக்கும் கவனிக்கவில்லை. கவனிக்கவும் கூடாது. இதயத்துக்குப் போகிற குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகாத மனுஷரிடம் போய், என்னங்க எனக்குக் கால் தெரியவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்.

செருப்பு போனதையும் நான் சொல்லவில்லை. பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி, கூட்டத்தோடு நடந்து, டவுன் ஹால் ரோடு திருப்பத்தில் ஒரு பழக்காரர் "யக்கா, ஒத்தக் கால்ல செருப்பக் காணோம்" என்றார். குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. அடியில் கருப்பாகத் தாரும், ஒரு கல்லும் ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கே கழன்றது, எப்போது கழன்றது, எதன் மேல் எல்லாம் மிதித்தேன், ஒன்றும் தெரியவில்லை. நான் சிரித்தேன். பழக்காரரும் சிரித்தார். திரும்பிப் போய்த் தேடாமல் மிச்சச் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு, புது ஜோடி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பழையது அறுந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பயம்கூட அந்தக் காலைப் போலத்தான் இருந்தது, எங்கேயோ இருக்கிறது என்று தெரிகிறது, தொட்டால் தெரியவில்லை. கொக்கி ஒன்று வைத்தாயிற்று. அடுத்ததற்கு நூல் கோக்கையில் ஊசி ஆள்காட்டி விரலில் சுருக்கென்று குத்தியது, ஒரு பொட்டு ரத்தம் வந்தது, நன்றாக வலித்தது. கை இருக்கிறது. நல்லவேளை கையாவது இருக்கிறது, பிழைப்பு அதில்தான். காலை நுரைக்குள் அசைத்துப் பார்த்தேன். அசைகிறது. சொன்ன பேச்சைக் கேட்கிறது, பதில்தான் சொல்வதில்லை.

மெட்டியைக் கழற்றியாக வேண்டும் என்று தோன்றியது போன வாரம்தான். குளித்துவிட்டு ஈரம் துடைக்கும்போது பார்த்தால் விரல் மெட்டிக்கு மேலே ஒன்றாகவும் கீழே ஒன்றாகவும் பிதுங்கிக்கொண்டிருக்கிறது, நடுவில் வெள்ளி எங்கே போனது என்றே தெரியவில்லை, சதை மூடிவிட்டது. ஓரத்தில் ஒரு கருநீலம். ஒரு நாற்றமும் வந்தது, லேசாக. மற்றவர்களாக இருந்தால் கத்திக்கொண்டு குதித்திருப்பார்கள். நான் மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டு, ஒரு ஜாக்கெட் வெட்டப் போய்விட்டேன். பிறகுதான் தெற்காவணி மூல வீதியில் வெள்ளிக் கடைக்குப் போனது. வாய் திறந்த மெட்டியாக, விரல் எவ்வளவு பெருத்தாலும் நெகிழ்த்திக்கொள்கிற மாதிரி ஒரு ஜோடி எடுத்தேன், ரோஸ் தாளில் மடித்துக் கொடுத்தார்கள். பழையதைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னேன். அந்தக் கடைப் பையன், பையன் என்ன, முப்பது வயது இருக்கும், என் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "இது கழலாதுக்கா. வெட்டித்தான் எடுக்கணும். ஒரு செகண்டு, வெட்டிவிட்டுறவா?" என்றான். வெட்டிவிடவா. அந்த வார்த்தையை அவன் நகம் வெட்டுகிற மாதிரி சொன்னான். நான் காலை இழுத்துக்கொண்டேன். "வேணாம்ப்பா, வீட்டுல சோப்புப் போட்டுக் கழட்டிக்கிறேன்" என்று ரோஸ் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். ராகு காலத்தில் துணி வெட்டுவேன், பூனை குறுக்கே போனால் பூனைக்கு என்ன வேலையோ என்பேன். ஆனால் மெட்டியை வெட்டுவது என்பது வேறு. புருஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கையில் யாராவது மெட்டியை வெட்டுவாளா. கழற்றலாம், ஒரு காலில் புதியதைப் போட்டுக்கொண்டு மறு காலில் கழற்றலாம், அது மாற்றுவது. வெட்டுவது எப்போது என்று எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். போன ஆடியில் அவரைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள், கதவு சாத்திக்கொண்டது, நான் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் இடது கால் மெட்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அப்போது சுற்றியது. இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சுற்றியது. சுற்றுகிறவரைக்கும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படியோ ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துவிட்டது. அழவில்லை நான். அவருடைய தங்கச்சி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், "மதினி என்ன இப்புடிக் கல்லு மாதிரி இருக்கீக" என்றாள். நான் மெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. அவர் பிழைத்து வந்தார். மெட்டி அதற்குப் பிறகு சுற்றவில்லை. இப்போது போய் அதை வெட்டினால்? சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிரித்துக்கொண்டே பயப்படுகிறேன்.

விரல் பெருத்தது மட்டுமா, எல்லாமேதான் பெருத்தது. எனக்கு நானே ரவிக்கை தைத்துக்கொள்கிறவள், வருஷத்துக்கு ஒருமுறை பக்கவாட்டில் பிரித்துவிடுவேன். உள்ளே விட்ட துணியில் ஒரு தையல் தள்ளிப் போடுவது, அவ்வளவுதான், கண்ணாடிக்குக்கூடத் தெரியாது. தீட்டு தப்பித் தப்பி வர ஆரம்பித்த வருஷத்தில் ஒரு தையல். இரண்டு மாதம் வராமல் ஒரேயடியாகக் கொட்டிய வருஷத்தில் ஒன்று. பிறகு வரவே இல்லை, நின்றுபோயிற்று, அப்பாடா இனி சனியன் விட்டது என்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்து இன்னொரு தையல் பிரித்தேன். அதோடு உள்ளே விட்ட துணி தீர்ந்துபோயிற்று. பிரிக்க மேற்கொண்டு இடமில்லாமல் ஓரம் பிசிறு தட்டியது. இத்தனைக்கும் நான் தின்னவே இல்லை. அவருக்கு எண்ணெய் இல்லாமல், உப்பு இல்லாமல் செய்து கொடுத்து, அவர் முகத்தைச் சுளித்து ஒதுக்கி வைத்ததை வீணாக்க வேண்டாமே என்று நான் சாப்பிட்டேன். அவர் இளைத்தார், நான் பெருத்தேன். இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தால் பழைய எடைதான் இருக்கும். "உனக்கென்ன புள்ள, வீட்டுல உக்காந்த வேல, அதான் உடம்பு போட்டுருச்சு" என்பார். உட்கார்ந்த வேலையாம். இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்துதான் தைக்கிறேன், அப்போதெல்லாம் போடாத உடம்பு இப்போது எங்கிருந்து வந்தது.

எங்கிருந்து வந்தது என்று நான் போய்ப் பார்த்த ஒரு லேடி டாக்டர் சொன்னார். நல்ல மனுஷி, சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். நாடா எடுத்து என் இடுப்பை அளந்தார். என்னை ஒருத்தர் நாடா வைத்து அளந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நாடா பின்பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது, சரிசெய்யக் கை பரபரத்தது, முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எண்ணைப் படித்துவிட்டு உட்காரச் சொன்னார். "அம்மா, உங்க தப்பு ஒண்ணும் இல்ல. பீரியட்ஸ் நிக்கிற வயசுல ஹார்மோன் குறையும். அதுவரைக்கும் இடுப்பு, தொடைன்னு சேந்த கொழுப்பு அதுக்கப்புறம் வயித்துக்கு வந்துரும். வயித்துக்குள்ள சேர்ற கொழுப்பு இன்சுலின ஒழுங்கா வேல செய்ய விடாது. அதான் சுகர் ஏறிருக்கு. இது ரொம்ப நாளாவே இருந்திருக்கும், நீங்க பாக்காம விட்டுட்டீங்க" என்றார். எனக்குப் புரிந்தது. அவர் சொன்னதை நான் நாடாவில் பார்த்திருக்கிறேன். என்னிடம் அளவு கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு வயதில் பின்பக்கத்துச் சீட் அளவு அப்படியே நிற்கும், வயிறு மட்டும் அதைப் பிடிக்க ஓடும். நான் அதைப் பிள்ளைப்பேறு, பிரியாணி, சீரியல் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். என் தப்பு இல்லை என்று அவர் சொன்னபோது அழுகை வரும் போல இருந்தது, வரவில்லை. அதற்குப் பதிலாகச் சூடு வந்தது.

அந்தச் சூட்டைப் பற்றி யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. நெஞ்சுக்குழியில் யாரோ அடுப்பைப் பற்றவைப்பார்கள். அது கழுத்துக்கு ஏறும், காதுக்கு ஏறும், தலைமுடி வேர் எல்லாம் வேர்த்துக் கொட்டும். ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். சோற்றைக் குறையுங்கள் என்றார். நடக்கச் சொன்னார். மாத்திரை எழுதினார். காலைப் பற்றியும் ஏதோ சொன்னார், தினம் பாருங்கள் என்றோ தொட்டுப் பாருங்கள் என்றோ, தண்ணீர் என்றோ, காதுக்குள் சூடு இரைந்துகொண்டிருந்ததில் பாதிதான் விழுந்தது. சரி சரி என்று தலையாட்டினேன். சூடு இறங்கும்போது குளிர் அடித்தது, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது, வெளியே வந்தபோது எனக்கு ஞாபகம் இருந்தது சோறு ஒன்றுதான். அன்றைக்கே சோற்றை விட்டேன். காலையில் நாலு இட்லி, மத்தியானம் நாலு இட்லி, ராத்திரி தோசை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. "சோறு தொடவே இல்ல டாக்டர்" என்று சத்தியம் பண்ணினேன். பின்னே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார், சொன்னேன்.  "இட்லி எதுலம்மா செய்றோம்?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் கிரைண்டரில் அரிசி போட்டு ஆட்டுகிறவள் நான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். என் முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு நாடா கிடையாது.

தண்ணீர் ஆறிவிட்டது போல. ஒரு சூடும் தெரியவில்லையே, இப்படி ஊறவைத்தால் என்றைக்குக் கழல்வது. பக்கத்தில் இறக்கி வைத்த பாத்திரத்தில் மிச்சம் இருக்கிறது, மூடி போட்டுத்தான் வைத்திருக்கிறேன், ஸ்டூலில் இருந்தபடியே எட்டிப் பிடிதுணியால் இரண்டு பக்கமும் பிடித்து அதையும் அன்னக்கூடையில் சாய்த்தேன். நுரை மறுபடியும் பொங்கியது. மூக்குக்கண்ணாடி பனி படர்ந்த மாதிரி மூடிப்போனது, கழற்றி மெஷின் மேல் வைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம், பிறகு குனிந்து மெல்லத் திருகிப் பார்க்கலாம். குனிவதும் இப்போது சுலபமில்லை, வயிறு முதலில் வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். கொக்கி வைத்தாயிற்று, வளையம் வைக்க வேண்டும். டீச்சர் ரவிக்கையில் கை முழுக்கப் பிரித்து விடுகிற மாதிரி துணி விட்டிருக்கிறேன், மகராசி, இன்னும் மூன்று வருஷம் தாங்கும். மாவு மில் பாண்டியம்மாளுக்கு நைட்டி தைத்தது ஞாபகம் வருகிறது. இப்போது ஏன் வருகிறது. வேண்டாம். அவளுக்கும் ஒரு விரல்தான், பெருவிரல், முள் குத்தியது தெரியவில்லை என்றாள், எடுத்தார்கள். பிறகு பாதி பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே. கடைசியில் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினாள், கட்டிலில் உட்கார்ந்தபடியே அளவு கொடுத்தாள். "நீளம் பழைய அளவே வையி தமயந்தி, குறைக்காத" என்றாள். நான் பழைய நீளத்துக்கே தைத்தேன். இரண்டு காலுக்கும் போதுமான நீளம். எனக்கு விரல் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன். அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம், எனக்கு விரல் போய்விடும் என்று பயம், இரண்டையும் ஒரே மெட்டியில் கொண்டுபோய் மாட்டி வைத்திருக்கிறேன். வெட்டினால் அவர், வெட்டாவிட்டால் நான். இன்றைக்குச் சோப்பில் வழுக்கிக் கழன்றுவிட்டால் இரண்டு பேரும் தப்பித்தோம். தண்ணீரே, தாயே, எப்படியாவது கழற்றிக் கொடுத்துவிடு.

இதோ வருகிறது. நெஞ்சுக்குழியில் ஆரம்பித்துவிட்டது. கழுத்துக்கு வந்துவிட்டது. இன்றைக்கு என்ன இத்தனை மூர்க்கமாக, முகமெல்லாம் வெந்து போகிற மாதிரி, மூக்கு நுனியில் இருந்து சொட்டுகிறது வேர்வை. ரவிக்கைத் துணியில் சொட்டிவிடக் கூடாது என்று அதை எட்ட வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். இது போய்விடும், எப்போதும் போய்விடும், டாக்டர் சொல்லியிருக்கிறார், இந்தச் சூடு நிஜமில்லை, வெளியே ஒன்றும் சுடவில்லை, உள்ளே இருக்கிற ஏதோ ஒன்று தப்பாகக் கணக்குப் போட்டு உடம்புக்குத் தீப்பிடித்துவிட்டது என்று மணி அடிக்கிறது, அவ்வளவுதான். நான் அதற்கு ஏமாறுவதில்லை. அடித்துக்கொள்ளட்டும். முதுகில் ஒரு கோடு வேர்வை இறங்குவதைக்கூட என்னால் சொல்ல முடிகிறது, எந்த எலும்பைத் தாண்டுகிறது என்று சொல்ல முடிகிறது. இத்தனை தெரிகிற உடம்பில் அந்தக் காலுக்கு மட்டும் என்ன வந்தது. கோபமாக வருகிறது அதன் மேல். ஊர்ப்பட்ட இடத்துக்கு என்னைச் சுமந்த கால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஆற்றில் இறங்கின கால், இப்படி என்னை யாரோ மாதிரி பார்க்கிறது.

கேட் சத்தம். அதற்குள்ளாகவா. டீக்கடை பூட்டிக் கிடந்ததோ, மேலுக்கு முடியாமல்தான் திரும்பிவிட்டாரோ. எழுந்திருக்கப் பார்த்தேன், எழுந்தால் அன்னக்கூடை கவிழும். ரோஸ் தாளை மட்டும் மெஷின் இழுப்பறைக்குள் தள்ளினேன். "என்ன புள்ள, வீடெல்லாம் சோப்பு வாசன" என்று வாசலில் செருப்பை விட்டார். உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார், கீழே பார்த்தார். "கால்ல என்ன? சுளுக்கிக்கிச்சா?" ஒன்றுமில்லைங்க, மெட்டி இறுக்குது, சோப்புல ஊற வச்சேன் என்றேன். "இதுக்கு ஏன் ஒத்தையாக் கஷ்டப்படுற, நான் கழட்ட மாட்டேனா" என்று லுங்கியை மடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் நுரைக்குள் கையை விட்டார்.

"அய்யோ ஆத்தா!" என்று கத்திக்கொண்டு கையைப் பிடுங்கி உதறினார். நுரை என் முகத்தில் தெறித்தது. அவர் பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் முதலில் அவர் நெஞ்சைத்தான் பார்த்தேன், அதுதான் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் நெஞ்சைப் பிடிக்கவில்லை, வலது கையைத்தான் இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு விரலும் செக்கச்செவேல் என்று சிவந்துபோயிருந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழாயடியில் செம்பு கிடப்பது தெரிந்தது, போன் வந்தபோது நான் வைத்த இடத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்.

"சுடுதாங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோகையில்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை. பிறகு இரண்டு கையாலும் என் முழங்காலைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கி வெளியே எடுத்தார். நுரை வழிந்து இறங்கியது. அது என் கால்தானா என்று பார்த்தேன், கணுக்கால்வரைக்கும் வேறு யாருடையதோ நிறத்தில் இருந்தது, மேல்தோல் ஓர் இடத்தில் சுருங்கி, ஓர் இடத்தில் வெளுத்து. விரலில் மெட்டி அப்படியேதான் இருந்தது. என்னைத் தாங்கிப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். "எவ்வளவு நேரமா வச்சிருந்த? எவ்வளவு நேரமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டீச்சர் போன் பண்ணினதிலிருந்து என்றேன். "எப்ப இருந்து இப்படி? காலு தெரியாம எப்ப இருந்து?"  தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவர் குனிந்து விரலைப் பார்த்தார், மெட்டிக்குக் கீழே அந்தக் கருநீலத்தைப் பார்த்தார். எழுந்து போய்த் தன் டூல்ஸ் பையைக் கொட்டிக் கட்டிங் பிளேயரை எடுத்துவந்தார்.

"வேணாங்க" என்றேன். "வெட்டாதீங்க. உங்களுக்கு..." அவருக்குப் புரிந்தது. "நாந்தானடி வெட்டுறேன்" என்றார். "கட்டுனவனே வெட்டுனா எந்தச் சாமி கேக்கும்? இப்ப வீங்க ஆரம்பிச்சா வெரலே போயிரும், பேசாம இரு." சிவந்துபோன விரல்களால் பிளேயரைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை, மறு கைக்கு மாற்றிக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சின்னச் சத்தம், பொத்தான் அறுவது போல. சிமெண்டுத் தரையில் ஏதோ உருண்டு சாக்கடைத் துவாரம்வரைக்கும் போய் நின்றது. கண்ணைத் திறந்து முதலில் அவரைப் பார்த்தேன். மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நன்றாகவே விட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டோவுக்குப் போன் பண்ணினார். அது வருகிறவரைக்கும் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லுங்கியெல்லாம் நனைந்துவிட்டது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "எரியுதா?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் குரல் கெஞ்சியது. எரிகிறது என்று நான் சொல்ல வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. காலைப் பார்த்தேன். அதனிடமும் ஒருதரம் கேட்டுப் பார்த்தேன்.

"ஆமாங்க" என்றேன். "ரொம்ப எரியுது."

"எரியணும் புள்ள, எரியணும்" என்று அவர் சட்டென்று குனிந்து ஊத ஆரம்பித்தார், மகள் சின்னப் பிள்ளையாக இருக்கையில் முட்டியில் சிராய்த்துக்கொண்டு வந்தால் ஊதுவாரே, அதே மாதிரி, கன்னத்தை உப்பிக்கொண்டு. நான் அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒவ்வொரு முறை வற்றும்போதும், "இப்பக் கொஞ்சம் பரவால்லைங்க" என்றேன்.